சிலிண்டர்த் தலையும் மண்ணெண்ணெயும்: வன்னிப் பெருநிலத்தின் தொழில்நுட்ப வரலாற்றில் ஓர் அத்தியாயம்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவியை முதலிற் கண்டறிந்தவர் யார், எந்த ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார், அதனால் எவ்வளவு வலு கூடியது என்பனவே அவ்வரலாற்றின் வழமையான வினாக்களாகும். அக்கருவி பிறந்த நாட்டிலிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், அதனை ஆக்கியோர் எண்ணியும் பாராத ஒரு சூழலில், சாதாரண மனிதரின் கைகளில் என்னவாயிற்று என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆங்கில வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட நூலொன்றில், கண்டுபிடிப்பை அன்றிப் பயன்பாட்டை மையமாகக் கொண்டு தொழில்நுட்ப வரலாறு எழுதப்படவேண்டும் என வற்புறுத்தினார். ஈழத்தின் வன்னிப் பெருநிலப்பரப்பு அக்கூற்றுக்கு வலுவான ஒரு சான்றினை வழங்குகின்றது.

மோட்டார்க் காரின் இயந்திரத்தில் உள்ள சிலிண்டர்த் தலையே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும். கராஜ்களில் இது 'ஹெட்' என்றே வழங்கும். உலகெங்கும் இத்தலையை மாற்றியோர், வெட்டியோர், திருத்தியோர் யாவரும் ஒரே நோக்கத்துடனேயே செயற்பட்டனர். அது வலுவைக் கூட்டுதல் ஆகும். 1990க்கும் 2002க்கும் இடைப்பட்ட காலத்தில் வன்னியிலோ, அதே இயந்திரத்தின் முன்னின்றவர்களின் வினா வேறாக இருந்தது. கையில் இருக்கும் எரிபொருளில் இது ஓடுமா என்பதே அவ்வினா. ஒரே பொருள் இருவேறு வரலாறுகளை எவ்வாறு பெற்றது என்பதை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலையின் தொழில்

பெற்றோல் இயந்திரத்தின் சிலிண்டரினுள் பிஸ்ரன் மேலும் கீழும் அசைகின்றது. சிலிண்டரின் மேல்வாயை மூடி நிற்கும் வார்ப்பிரும்பு அல்லது அலுமினியப் பாகமே தலை எனப்படும். அதன் அடிப்புறத்திலுள்ள குழிவே தகன அறையாகும். மேல் வால்வு இயந்திரங்களில் வால்வுகளும், காற்றும் புகையும் செல்லும் வழிகளும் தலையிலேயே அமைந்திருக்கும். தலைக்கும் சிலிண்டர்க் கட்டைக்கும் இடையே வாயு கசியாதிருக்க வைக்கப்படும் மெல்லிய தகடே கஸ்கற் ஆகும்.

பிஸ்ரன் கீழே நிற்கும்போது அதன் மேலுள்ள மொத்தக் கனவளவை, அது மேலே வந்து நிற்கும்போது எஞ்சும் கனவளவினால் வகுக்க வருவது அமுக்க விகிதம். 1876இல் ஜேர்மனியரான நிக்கொலஸ் ஒற்றோ, எரிவாயுக் கலவையைப் பற்றவைப்பதற்கு முன்னர் அமுக்கும் நான்கு வீச்சு இயந்திரத்தை ஆக்கிய நாள் முதல், இவ்விகிதமே வலுவின் திறவுகோலாக விளங்குகின்றது. இலட்சிய நிலையிற் கணித்தால், அமுக்க விகிதம் 5 ஆயின் வெப்ப வினைத்திறன் ஏறத்தாழ 47 வீதம், 7.2 ஆயின் 55 வீதம், 8.3 ஆயின் 57 வீதம். நடைமுறையில் இவற்றின் அரைப்பங்கும் கிட்டுவது கடினமாயினும், விகிதம் உயர வலு உயரும் என்ற விதி மாறுவதில்லை.

ஆயின் இவ்வுயர்வுக்கு எல்லை வகுப்பது இரும்பு அன்று, எரிபொருளே. மிகையாக அமுக்கப்பட்ட கலவை, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்னரே ஒரு மூலையில் தானாக வெடிக்கின்றது. உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை அப்போது எழும். 'நொக்கிங்' என வழங்கும் இத்தட்டல் நீடித்தால் பிஸ்ரன் உருகும், கஸ்கற் எரியும். தட்டலைத் தாங்கும் ஆற்றலின் அளவே எரிபொருளின் ஒக்ரேன் எண் ஆகும்.

வலுவை நாடிய வரலாறு

1908இல் வெளிவந்த போர்ட் 'ரி' மாதிரிக் கார், கழற்றக்கூடிய சிலிண்டர்த் தலையைப் பரந்த பாவனைக்குக் கொண்டுவந்தது. கரி சுரண்டுவதற்கும் வால்வு அரைப்பதற்கும் வசதியாகவே அத்தலை தனியாக்கப்பட்டது. கழற்றக்கூடியது எதுவும் மாற்றக்கூடியதும் ஆகும் என்பதை மக்கள் விரைவிலேயே உணர்ந்தனர். செவ்ரலே சகோதரர்கள் போர்ட் இயந்திரத்துக்கென மேல் வால்வுத் தலைகளைத் தயாரித்து 'புரொன்ரி' என்ற பெயரில் விற்றனர். அவ்வகைத் தலை பூட்டிய போர்ட் கார் ஒன்று 1923ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் ஓட்டப் போட்டியில் ஐந்தாம் இடத்தைப் பெற்றமை குறிப்பிடத்தக்கது. உழவரின் வண்டியாகக் கருதப்பட்ட ஒன்று, தலை மாறியமையால் ஓட்டப் போட்டிக்குரிய காராயிற்று.

இங்கிலாந்தில் ஹரி றிக்காடோ முதலாம் உலகப் போரின் பின்னர் எரிபொருளுக்கும் தட்டலுக்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராய்ந்தார். கலவையைச் சுழியச் செய்து விரைவில் எரியவைக்கும் தகன அறையை அவர் வகுத்தார். அமெரிக்காவில் 1921இல் தோமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்வை ஒன்று தட்டலை அடக்குவதைக் கண்டறிந்தார். அதன் பின்னர் எண்ணெய் நிறுவனங்கள் ஒக்ரேன் எண்ணை உயர்த்த, கார் நிறுவனங்கள் அமுக்க விகிதத்தை உயர்த்தின. தலையும் எரிபொருளும் ஒன்றையொன்று துரத்தி மேலேறின எனலாம். அவ்வேற்றத்துக்கு மானிட உடல்நலம் கொடுத்த விலையும் உண்டு. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இலேயே கைவிடப்பட்டது.

இலங்கையர் நன்கறிந்த மொறிஸ் மைனர் இவ்வரலாற்றைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. 1948இல் அது வெளிவந்தபோது 918 கனசென்ரிமீற்றர் பக்க வால்வு இயந்திரத்தையும் 27.5 பரிவலுவையும் கொண்டிருந்தது. 1952இல் ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் ஒன்றிணைந்தபோது, 803 கனசென்ரிமீற்றர் கொண்ட ஒஸ்ரின் மேல் வால்வு இயந்திரம் அதில் இடம்பெற்றது. கனவளவு குறைந்தும் பரிவலு 30 ஆக உயர்ந்தமைக்குத் தலையின் அமைப்பே முக்கிய காரணமாகும். ஹரி வெஸ்லேக் வகுத்த, இதய வடிவினதான தகன அறை இத்தலையின் சிறப்பாகும். 1956இல் 948 கனசென்ரிமீற்றருடன் பரிவலு 37 ஆயிற்று; 1962இல் 1098 கனசென்ரிமீற்றருடன் 48 ஆயிற்று. பின்னாளில் வலுவை விரும்பியோர், அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய இயந்திரங்களின் 12ஜி295, 12ஜி940 என வார்ப்பில் எண் பொறித்த தலைகளைத் தேடிப் பெற்றுப் பூட்டினர்.

இம்மாற்றம் எளிதன்று. 12ஜி940 தலையின் பெரிய வால்வு, ஒடுங்கிய சிலிண்டர் கொண்ட கட்டையின் விளிம்பில் முட்டும்; ஆகவே விளிம்பைச் செதுக்கவேண்டும். மாற்றிய தலையின் தகன அறை பெரிதாயின் அமுக்க விகிதம் குறைந்து, எதிர்பார்த்த வலு கிட்டாது போகும். ஆகவே தலையின் அடியைச் சீவவேண்டும். தலை மாற்றம் என்பது ஒரு பாகத்தைக் கழற்றி மறு பாகத்தைப் பூட்டும் செயல் மட்டுமன்று. அது கனவளவு பற்றிய கணக்கும் ஆகும்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

அக்கணக்கினை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 948 கனசென்ரிமீற்றர் இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பிஸ்ரன் கடக்கும் கனவளவு 237 கனசென்ரிமீற்றர். அமுக்க விகிதம் 8.3 ஆயின் பிஸ்ரனுக்கு மேலே எஞ்சும் வெளி ஏறத்தாழ 32.5 கனசென்ரிமீற்றர் ஆகும். விகிதம் 7.2 ஆயின் அவ்வெளி 38.2 கனசென்ரிமீற்றர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு தேக்கரண்டி அளவினை விடச் சற்றே அதிகம். தலையை 1.8 மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்தி வைத்தால் இவ்வேறுபாடு ஏற்பட்டுவிடும்.

இவ்விரு விகிதங்களும் கற்பனையானவை அல்ல. தரமான பெற்றோல் கிடைத்த நாடுகளுக்கு 8.3 விகிதத்திலும், அது கிடைக்காத நாடுகளுக்கு 7.2 விகிதத்திலும் அதே இயந்திரம் தயாரிக்கப்பட்டது. பிஸ்ரனின் மேற்புறத்தைக் குழிவாக்கி விகிதத்தைத் தாழ்த்தினர். உலகச் சந்தையில் ஒரு நாட்டின் இடம் எதுவென்பது அந்நாட்டுக்கு அனுப்பப்பட்ட பிஸ்ரனிலேயே பொறிக்கப்பட்டிருந்தது எனலாம். தாழ்ந்த விகிதம் பின்தங்கியோருக்குரியது என்பதே இதன் உட்பொருளாகும். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வன்னி அனுபவம் கொண்டு நோக்கலாம்.

வன்னியில் இயந்திர அறிவு

வன்னியின் இயந்திர அறிவு காரில் தொடங்கவில்லை, கிணற்றில் தொடங்கிற்று. 1950களிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் துலாவின் இடத்தை நீர் இறைக்கும் இயந்திரம் பற்றத் தொடங்கியது. அவ்வியந்திரங்களிற் பல பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவை. குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிக்கும், விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய குடியேற்றத் திட்டங்களுக்கும் பெயர்ந்த உழவர்கள் இவ்வனுபவத்தையும் உடன்கொண்டு சென்றனர். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றபோது, நீரிறைக்கும் இயந்திரம் வன்னித் தோட்டங்களின் இன்றியமையாத அங்கமாயிற்று. மண்ணெண்ணெயிற் பெற்றோல் இயந்திரம் எப்படி ஓடும், எப்போது மறுக்கும் என்பதை ஒரு தலைமுறை உழவர் கையாலும் காதாலும் அறிந்திருந்தனர்.

மறுபுறம், 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. எனவே ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய பிரித்தானியக் கார்கள் அவற்றின் தாய்நாட்டில் மறைந்த பின்னரும் ஈழத்து வீதிகளில் ஓடின. உதிரிப் பாகம் வாங்கிப் பூட்டுதலைவிட உள்ளதைத் திருத்திப் பயன்படுத்துதலே கராஜ்களின் மரபாயிற்று. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு யப்பானிய வாகனங்கள் பெருகியபோதும் அம்மரபு அறுபடவில்லை.

தடைக்காலம்

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து உள்ளிட்ட பொருள்கள் செல்வதை அரசு தடை செய்தது. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே அனுமதிக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டின் இறுதியில் குடாநாட்டை விட்டு வெளியேறிய மக்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் படையினர் வசமாகியது. 1997 மே மாதத்தில் வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே 'ஜெயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியது. மல்லாவியும் புதுக்குடியிருப்பும் மக்கள் நடமாட்டத்தின் புதிய மையங்களாயின. முதன்மை வீதி இல்லை, பெற்றோல் இல்லை, ஆயினும் நோயாளரையும் நெல்லையும் கொண்டுசெல்லவேண்டிய தேவை முன்னரிலும் பன்மடங்காயிற்று.

இந்நிலையிலேயே பெற்றோல் இயந்திரங்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுதலே வழக்கமாயிற்று. மோட்டார்ச் சைக்கிளும் காரும் வெண்புகை கக்கியவாறு ஓடிய காட்சி அக்காலத்தில் வடக்கில் வாழ்ந்த எவருக்கும் மறக்கக்கூடியதன்று.

இதன் பின்னாலுள்ள பௌதிகம் எளிமையானதன்று. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிப்பதற்கு 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே குளிர்ந்த இயந்திரத்தில் அது எரியாது. அடுத்தது தட்டல் ஆகும். புகையின்றி எரிவதே நல்ல விளக்கெண்ணெயின் இலக்கணம். அவ்வியல்பைத் தரும் நேர்ச்சங்கிலி ஐதரோகாபன்களே இயந்திரத்தில் எளிதில் தட்டலை விளைவிப்பவை. விளக்கிற்கு எது குணமோ அதுவே இயந்திரத்துக்குக் குற்றமாகின்றது. மண்ணெண்ணெய் வகைக்கெனப் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஆக்கப்பட்ட உழவு இயந்திரங்களில் அமுக்க விகிதம் பெரும்பாலும் 5ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வைக்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

மேலே கண்ட 948 கனசென்ரிமீற்றர் இயந்திரத்தை இவ்விகிதத்துக்குத் தாழ்த்த வேண்டுமாயின், பிஸ்ரனுக்கு மேலே 59 கனசென்ரிமீற்றர் வெளி வேண்டும். அதாவது ஏறத்தாழ 27 கனசென்ரிமீற்றரை மேலதிகமாக உண்டாக்கவேண்டும்; அது ஐந்து தேக்கரண்டிக்கு மேல். கஸ்கற்றின் மேல் கஸ்கற் அடுக்கித் தலையை உயர்த்துதல் உலகெங்கும் அறியப்பட்ட எளிய வழியாயினும், அதனால் எட்டக்கூடிய எல்லை இதுவன்று. தலை எட்டு மில்லிமீற்றருக்கு மேல் உயரவேண்டியிருக்கும். எஞ்சிய தூரத்தை அறிவினாலும் பொறுமையினாலுமே கடக்கவேண்டும். தீப்பொறியைப் பிந்தி விழச் செய்தல், எரிபொருளைச் சூடாக்கிச் செலுத்துதல், பாரத்தைக் குறைத்தல், ஏற்றத்தில் முடுக்காதிருத்தல், தட்டல் ஓசை எழுந்தவுடன் கால் தளர்த்துதல் என்பனவே இயந்திரம் பிழைப்பதற்குரிய வழிகளாகும். இவ்விடத்தில் இயந்திர வல்லுநரும் சாரதியும் ஒருவராகின்றனர்.

இத்தேவையின் முன் கார்களின் மதிப்பு வரிசையும் தலைகீழாயிற்று. உயர்ந்த அமுக்க விகிதமும் நுண்ணிய காபரேற்றரும் கொண்ட புதிய வாகனங்களைவிட, தாழ்ந்த விகிதமும் பருமனான பாகங்களும் கொண்ட பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களே மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ள வல்லனவாயின. வலுவின் வரலாறு பின்தங்கியதென ஒதுக்கிய இயந்திரமே வன்னியில் மக்களைச் சுமந்தது.

பிற அனுபவங்களோடு ஒப்பிடின்

எரிபொருட் பஞ்சத்தில் இயந்திரத்தை மாற்றியமைத்தல் வன்னிக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெற்றோல் அரிதானபோது தென்னிந்தியாவில் கரிவாயுவில் பேருந்துகள் ஓடின, மதுரையின் ரி.வி.எஸ். நிறுவனம் அதற்கான வாயுக் கலன்களைத் தயாரித்தது. கரிவாயு தட்டலை நன்கு தாங்குவது. ஆயின் வெப்பப் பெறுமானம் குறைந்தது. ஆகவே அதற்கு அமுக்க விகிதத்தை உயர்த்துவதே உகந்தது. மண்ணெண்ணெய்க்கோ அதனைத் தாழ்த்தவேண்டும். தலைக்கு என்ன செய்யவேண்டும் என்பதை எரிபொருளே தீர்மானிக்கின்றது என்பது இதனால் மேலும் தெளிவாகும். ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு கருதற்பாலது. அங்கே பெருநிறுவனம் ஒன்று ஆக்கி விற்றது. வன்னியில் அறிவு கராஜ்களிலும் வீட்டு முற்றங்களிலும் மரநிழல்களிலும் கைமாறியது. ஆகவே அதற்கு வரைபடம் இல்லை, கையேடும் இல்லை.

கொடுத்த விலை

இவ்வனுபவத்தைத் திறமையின் வெற்றியாக மட்டும் போற்றுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி உயவு எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனால் தாங்கிகள் தேயும். தகன அறையில் கரி படியும். அக்கரி வெளியை அடைத்து அமுக்க விகிதத்தைக் கூட்ட, தட்டல் மேலும் மிகும். ஆகவே தலையைக் கழற்றிக் கரி சுரண்டுதலும் வால்வு அரைத்தலும் ஓயாத வேலையாகும். வெண்புகையைச் சுவாசித்தோர் அடைந்த கேட்டினை அளந்தோர் இலர்.

இதனினும் ஆழமான முரண்பாடு ஒன்றுண்டு. மின்சாரமற்ற அக்காலத்தில் மாணவர் படித்தது மண்ணெண்ணெய் விளக்கொளியிலேயாகும். கண்ணாடிப் போத்தலினுள் பஞ்சில் ஊறிய சிறிதளவு எண்ணெயைக் கொண்டு எரியும் 'ஜாம் போத்தல் விளக்கு' அதற்காகவே உருவானது. ஒரு மணிநேரம் கார் ஓடும் எண்ணெயில் அவ்விளக்கு எத்தனையோ இரவுகள் எரிந்திருக்கும். வயலுக்கு நீர் இறைக்கவும் அதே எண்ணெய். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் அதே எண்ணெய். மண்ணெண்ணெயில் ஓடிய ஒவ்வொரு மைலும் யாரோ ஒருவரின் வெளிச்சத்திலிருந்து கழிக்கப்பட்டது. இயந்திர வினைத்திறன் பற்றிய வினா இவ்வாறு சமூக நீதி பற்றிய வினாவாகவும் மாறுகின்றது. எதற்கு ஓடவேண்டும், எதற்கு ஓடக்கூடாது என்பதைத் தீர்மானிப்பதும் தொழில்நுட்ப அறிவின் ஒரு பகுதியே ஆகும்.

முடிவுரை

2002 ஜனவரியில் தடை பெருமளவு நீக்கப்பட்டது; அவ்வாண்டிலேயே ஏ9 வீதியும் திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட, பற்றாக்குறை திரும்பியது. 2009 மே மாதத்துடன் போர் முடிந்தபோது, வன்னியின் வாகனங்களும் கருவிகளும் கராஜ்களும் மட்டுமன்றி, அவ்வறிவைத் தாங்கிய மனிதருட் பலரும் இல்லாமற் போயினர். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளின்றித் தவித்தபோது பலர் பழைய நாள்களை நினைவுகூர்ந்தனர். ஆயின் நிலைமை மாறியிருந்தது. இலத்திரனியல் கட்டுப்பாடும் உயர்ந்த அமுக்க விகிதமும் கொண்ட இன்றைய இயந்திரம், 92 அல்லது 95 ஒக்ரேன் பெற்றோலையே எதிர்பார்த்து நிற்பது. அவ்வாண்டு ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெயின் விலையும் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. முன்னேறிய இயந்திரம் வலுவிற் சிறந்தது. ஆயின் தன்னை உடையவனின் கைக்கு எட்டாதது.

இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தகன அறையின் கணக்கு அவ்விரிவுரை மண்டபங்களில் இனி முறையாகக் கற்பிக்கப்படும். அம்மண்டபங்களுக்கு வெளியே, சில மைல் தூரத்தில், அக்கணக்கை எண்ணில் எழுதாமல் ஓசையில் அறிந்தவர்கள் முதுமை எய்தி வருகின்றனர். எந்த எண்ணெயை எவ்வளவு சூடாக்கினர், எந்தக் காரின் தலைக்கு என்ன செய்தனர், எது தோற்றது, எது பிழைத்தது என்பவற்றை அவர்களிடமிருந்து கேட்டறிந்து பதிவு செய்தல், பொறியியல் மாணவரும் வரலாற்று மாணவரும் ஒருங்கே மேற்கொள்ளவேண்டிய பணியாகும். அப்பணி தாமதிக்கப்படின், தலையை உயர்த்தியும் தாழ்த்தியும் மனிதர் வலுவை மட்டுமே தேடினர் என்ற அரைகுறை வரலாறே எஞ்சும். தேக்கரண்டி அளவேயான ஒரு வெளியை முன்வைத்து ஒரு சமூகம் தன் உயிர் வாழ்வைக் கணக்கிட்டது என்ற மறுபாதி எழுதப்படாமலே போய்விடும்.